மாப்பிள்ளை காருக்கு மெழுகு பூசிய விவரம்

பெரிய காஞ்சிபுரம்,
திங்கட்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை ஜெபகுமார் அவர்களுக்கு, மாமனார் பரசுராமன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அத்தை சம்பூர்ணம் நலம். மாடியில் நீங்கள் வைத்துவிட்டுப் போன ரோஜாத் தொட்டியும் நலம், நேற்று ஒரு மொட்டு விட்டிருக்கிறது. கொரியாவில் நீங்களும் பிரவீனாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் சொல்ல வேண்டிய வரிசையில் அடுத்து வருவது உங்கள் கார். அதை ஒரே சொல்லில் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லக்கூடாதா என்று பிரவீனா கேட்பாள். போனில் நான் "ஒண்ணும் இல்லம்மா" என்று ஆரம்பித்தாலே அவள் "அப்பா, இன்னா ஆச்சு" என்று அழ ஆரம்பித்துவிடுகிறாள். மேலும், முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீஸ் பதிவறையில் எழுத்தராக இருந்தவனுக்கு, எழுத்தில் இருந்தால்தான் ஒரு விஷயம் நடந்ததாகவே மனம் ஒப்புகிறது. இது உங்கள் கைக்கு வர எப்படியும் பதினைந்து நாள் ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். அந்தப் பதினைந்து நாளும் எனக்கு நிம்மதி.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரம் முன்பு நீங்கள் வீடியோவில் கூப்பிட்டபோது மேற்படி காரைக் காட்டினேன். வேப்பமரத்துக் காக்கைகளும் தெருப்புழுதியும் சேர்ந்து உங்கள் கருநீலத்தைச் சாம்பல் ஆக்கியிருந்தன. நீங்கள் முகம் சுளிக்காமல், "மாமா, கழுவிட்டு வாக்ஸ் போட்டுடுங்க. டிக்கில ரெண்டு டப்பா இருக்குது. ஒண்ணு ஹார்டு, ஒண்ணு சாஃப்டு. அதுல நீங்க வந்து" என்றீர்கள். லைன் அறுந்துவிட்டது. அதில் நான் வந்து எதைப் போட வேண்டும் என்பது கொரியாவிலேயே தங்கிவிட்டது. திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. காரணத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மூன்று வருஷம் உங்கள் இருவரோடும் முகம் கொடுத்துப் பேசாதவன் நான். போன பொங்கலுக்குத்தான் இந்த வீட்டுப் படி ஏறினீர்கள். அப்புறம் ஊருக்குப் போகும்போது என் கையில் சாவியைக் கொடுத்து, "பாத்துக்கோங்க மாமா" என்றீர்கள். அப்படிக் கொடுத்தவரிடம் போய், எந்த டப்பாவைத் திறப்பது என்றே தெரியாத மாமனார் என்று பெயர் வாங்க எனக்கு மனசு வரவில்லை.

எனவே உள்ளூரிலேயே ஆலோசனை கேட்டேன். பக்கத்து வீட்டு திருஞானசம்பந்தத்தை உங்களுக்குத் தெரியும், வீட்டிலேயே தறி வைத்து நெய்கிறவர், வாசலில் சாயம் தோய்த்த பட்டு நூலைக் காயப்போட்டு நம் வீட்டுச் சுவரைச் சிவப்பாக்குகிறவர். அவர் இரண்டு டப்பாவையும் கையில் வாங்கி எடை பார்த்தார். கெட்டி மெழுகு மெழுகுவர்த்தி மாதிரி இறுகிக் கிடந்தது. மற்றது வெண்ணெய் மாதிரி இளகி, அன்னாசிப்பழ வாசனை அடித்தது. "இதுல யோசிக்க இன்னாபா இருக்குது? தறியில நெடுக்க ஓடுற பாவுக்குக் கஞ்சி கெட்டியா போட்டாத்தான் நூலு நிக்கும். வெண்ணெ மாதிரி இருக்கறது வெயில்ல வழிஞ்சி பூடும். கெட்டியப் போடு" என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அத்தை அடுப்படியிலிருந்து வந்து, "கெட்டி மாவுல தோசை ஊத்துனா கல்லுல ஒட்டிக்கும், அண்ணனுக்குத் தெரியாது. நம்ம மாப்ள எவ்ளோ சாஃப்டான புள்ள. அவர் வண்டிக்குச் சாஃப்டுதான் போடணும்" என்றாள். அவர் பாவு என்றார், இவள் மாவு என்றாள். காபி ஆறிப்போயிற்று. உங்கள் காரில் பாவும் இல்லை மாவும் இல்லை என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

எந்தத் தகராறிலும் இரு தரப்புக்கும் பாதகம் இல்லாமல் உத்தரவு போடுவதுதான் தாலுகா ஆபீஸ் வழக்கம். முன்பக்க நம்பர் பிளேட்டிலிருந்து பின்பக்க நம்பர் பிளேட் வரைக்கும் திருஞானசம்பந்தத்தின் நூல் ஒன்றை இழுத்துக் கட்டினேன். நூலுக்கு வலப்பக்கம் கெட்டி, இடப்பக்கம் இளகினது. பானெட் மட்டும் முழுக்கக் கெட்டி, ஏனென்றால் அதுதான் வண்டியின் நெற்றி, வெயிலை முதலில் வாங்குவது அதுதான் என்று திருஞானசம்பந்தம் அடித்துச் சொன்னார். உங்கள் அத்தைக்கு இதில் வருத்தம். அதை ஈடுகட்ட இடப்பக்கக் கதவுகளில் இரண்டு கை கூடுதலாகவே பூசினாள்.

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த ஐந்தாம் நாள், காலை பதினோரு மணி, நடுத்தெரு, நல்ல வெயில். ஈரம் சீக்கிரம் காயட்டும் என்று நான்தான் காரை நிழலிலிருந்து வெளியே தள்ளச் சொன்னேன். கெட்டி மெழுகைக் குழம்புக் கரண்டியால் தோண்டி எடுத்தேன். இங்கே என் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கை அறுபது வருஷமாகத் தினமும் காலையில் ஒரே மாதிரிதான் பூசிப் பழகியிருக்கிறது. மூன்று விரலில் எடுக்கும், இடமிருந்து வலம் இழுக்கும். பானெட்டிலும் அப்படியே இழுத்துவிட்டது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் உங்கள் கார் நெற்றி நிறைய மூன்று வெள்ளைக் கோடுகளோடு, குளித்து முடித்துக் கோயிலுக்குக் கிளம்பின மாதிரி நின்றது. பரவாயில்லை, துடைத்துவிடலாம் என்று துண்டை எடுத்தேன். துண்டு வழுக்கிக்கொண்டு போயிற்று. கோடு கல்லாகிவிட்டிருந்தது. அப்போதுதான் கண்ணாடியைப் போட்டு டப்பாவைப் படித்தேன். நிழலில் பூசவும், சூடான உலோகத்தில் பூசவே கூடாது என்று இருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 'தின்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. மெல்லியதாகப் பூசவும் என்று அர்த்தம். நான் பூசியிருந்தது ஊத்தப்ப கனம்.

அந்தத் 'தின்' என்பதைத் தமிழாகவே படித்தது எதிர்வீட்டு துர்காதேவியின் மாடு. துர்காதேவி நமக்குப் பால் ஊற்றுகிறவள், பிரவீனாவுக்குத் தெரியும். மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் அந்த மாடு உங்கள் காரின் இடப்பக்கக் கதவைக் கண்ணை மூடி நக்கிக்கொண்டிருந்தது. அன்னாசிப்பழ வாசனை. விரட்டினேன். பின்பக்கமாக வந்து டிக்கியை நக்கியது. மூன்றாம் நாள் துர்காதேவியே வாசலுக்கு வந்துவிட்டாள். "சார், வண்டியில இன்னா சார் தடவி வச்சிக்கிறீங்க? என் மாடு தவிடு துன்ன மாட்டேன்னுது. கயித்த அறுத்துக்கினு உங்க வண்டிக்கே ஓடியாருது. பாலு வேற அன்னாசி வாசன அடிக்குது, ரெண்டு வீட்ல வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். நம் வீட்டுக் காபியிலும் அந்த வாசனை இருந்தது உண்மைதான். இடப்பக்கக் கதவில் மாட்டின் நாக்கு போன பாதையெல்லாம் பளபளவென்றும், மற்ற இடமெல்லாம் இளகின மெழுகில் புழுதி ஒட்டி உப்புத்தாள் மாதிரியும் இருந்தது.

இதற்கிடையில் திருஞானசம்பந்தம் அரக்குச் சிவப்பில் தோய்த்த நூல்கத்தையைக் கொடியில் போட்டிருக்கிறார். காற்றில் அது ஆடி ஒரே ஒரு சொட்டு விட்டிருக்கிறது. உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, அந்தச் சொட்டு பானெட்டின் மூன்று கோடுகளுக்கு நட்டநடுவில் விழுந்தது. சொட்டு வட்டமாகவே காய்ந்தது. அன்று மாலை ஏகாம்பரநாதரைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் தெருவில் நடந்து போகும்போது காரைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்கள். கூட வந்த ஒரு அம்மாள் வைப்பருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனாள். உங்கள் அத்தை அதை எடுக்கவும் பயந்தாள், வைத்திருக்கவும் பயந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் வெள்ளிக்கிழமை சாயந்திரம் உங்கள் அப்பா சாமுவேல் அவர்கள் போன் செய்தார். எனக்கு அவர் போன் செய்வது அதுதான் முதல் தடவை. உங்கள் கல்யாணத்தன்று ரிஜிஸ்டர் ஆபீஸில் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து நின்றோம். அவர் ஒரு வார்த்தை சொன்னார், நான் ஒரு வார்த்தை சொன்னேன். இரண்டையும் இங்கே எழுதினால் தபால்தலை கூடுதலாக ஒட்ட வேண்டியிருக்கும். அதற்கப்புறம் எங்கள் பேச்செல்லாம் "வாங்க", "இருக்கட்டும்" என்ற இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது. போனில் அவர், "ஞாயித்துக்கெழம என் தம்பி பொண்ணு அபிக்குக் கல்யாணம். பொண்ணு சர்ச்சுக்குப் போறதுக்கு ஜெபா வண்டிய எடுத்துக்கச் சொன்னான். நாளைக்குக் காலைல வரேன்" என்றார். நான் "வாங்க" என்றேன். அவர் "இருக்கட்டும்" என்றார். வைத்துவிட்டோம்.

வைத்த பிறகுதான் யோசித்தேன். பெண்ணைச் சர்ச்சுக்கு ஏற்றிப்போகிற வண்டி, உள்ளே கண்ணாடியில் சிலுவை தொங்குகிறது, வெளியே நெற்றியில் பட்டையும் பொட்டும். நான் வேண்டுமென்றே பூசினேன் என்று அவர் நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்? போன பொங்கலுக்கு ஒட்டின உறவு இந்தப் பானெட்டோடு பிய்ந்துவிடும் என்று உங்கள் அத்தையும் சொன்னாள். வெந்நீர் ஊற்றினோம். கடலைமாவு போட்டோம். சீயக்காய் போட்டு நார் வைத்துத் தேய்க்கப் போனவளை, நார் கீறிவிடும் என்று தடுத்து வெறுங்கையால் தேய்த்தோம். கடைசியில் கார் எண்ணெய்க் குளியல் போட்ட வாசனையோடு, பட்டை அழியாமல் நின்றது. வேறு வழியில்லாமல் கட்டிலிலிருந்து போர்வையை எடுத்து மூடினேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சம்பந்தி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். போர்வையைப் பார்த்து, "வண்டிக்கு ஜுரமா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிட்டார். அவர் பானெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப பானெட்டைப் பார்த்தார்.

"பட்டையா?"

"மெழுகு."

"பொட்டு?"

"சாயம். பக்கத்து வீட்டுது."

"எலுமிச்சம்பழம்?"

"சத்தியமா அது நான் இல்ல."

அவர் வாழைப்பழத்தை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, நகத்தால் ஒரு துளி சுரண்டி முகர்ந்தார். "ஹார்டு வாக்ஸ். நல்ல சரக்கு" என்றார். "வெயில்ல போட்டீங்களா?" "பதினோரு மணிக்கு." "எவ்ளோ கனம்?" நான் டப்பாவின் மூடியைத் தேடினேன். உங்கள் அத்தை, "ஊத்தப்பம்" என்றாள். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பெயின்ட் பிரிவில் இருந்தவர் உங்கள் அப்பா என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் யாரிடம் இந்தக் காரை மறைக்கக் கூடாதோ அவரிடம் போர்வை போட்டு மறைத்திருக்கிறேன். "ஜெபா எதப் போடச் சொன்னான்?" என்று கேட்டார். லைன் அறுந்ததைச் சொன்னேன். "திருப்பிக் கேக்க வேண்டியதுதான?" "கேட்டா மாமனாருக்கு ஒண்ணும் தெரியலன்னு ஆயிடுமே."

அவர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னய எடுத்துக்குங்க. முப்பது வருஷம் பெயின்ட்டுலயே கெடந்தவன். அவன் டப்பாவையும் வண்டியையும் உங்ககிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல" என்றார். மாப்பிள்ளை, அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சாவியை நீங்கள் என் கையில் கொடுத்ததை இத்தனை நாளும் எனக்குக் கிடைத்த மெடலாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது இன்னொரு மனுஷரிடமிருந்து எடுத்து எனக்குப் போட்டது என்று தோன்றவே இல்லை. "எனக்கும் ஏன்னு தெரியல சம்பந்தி" என்றேன். 'சம்பந்தி' என்ற சொல் என் வாயில் வந்ததும் அதுதான் முதல் தடவை. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ரெண்டு பழைய பனியன் குடுங்க. வண்டிய நெழலுக்குத் தள்ளுங்க" என்றார்.

கெட்டி மெழுகு காய்ந்துவிட்டால் தண்ணீருக்கும் மசியாது, சீயக்காய்க்கும் மசியாதாம். "அது எண்ணெக்கித்தான் எளகும். சாஃப்டுல எண்ணெ ஜாஸ்தி. அத மேல தடவி, காயறதுக்கு முன்ன தொடைக்கணும். உள்ளங்கை அளவு உள்ளங்கை அளவா போங்க" என்றார். அவர் வலப்பக்கக் கதவில் ஆரம்பித்தார். நான் பானெட்டுக்குப் போகத் தயங்கி நின்றேன். "அத நீங்க அழிங்க சம்பந்தி. நான் அழிச்சா பாக்கறவங்களுக்கு நல்லா இருக்காது" என்றார். அப்படியே செய்தேன். கோடு கோடாக இளகி வந்தது. அதை முடித்து, வண்டிக்குள் ஏறி, புழுதி படிந்திருந்த சிலுவையை நான் துடைத்தபோது அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி டயருக்குக் குனிந்துகொண்டார். மத்தியானம் உங்கள் அத்தை கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். சம்பந்தி மூன்று தடவை வாங்கிக்கொண்டார். மாடு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

நான்கு மணிக்குக் கார் மழையில் நனைந்த மாதிரி சுத்தமாக நின்றது. இனி எதைப் பூசுவது என்று மறுபடியும் அதே கேள்வி. திருஞானசம்பந்தம் வந்து பாவு என்று ஆரம்பித்தார், உங்கள் அத்தை மாவு என்றாள். சம்பந்தி இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு, "ரெண்டும் சரிதான். வாராவாரம் கழுவித் தொடைக்கிறவனுக்குச் சாஃப்டு. சுளுவா பூசலாம், ஒரு மாசம் நிக்கும். மாசக்கணக்கா தெருவுல நிக்கிற வண்டிக்கு ஹார்டு. கை வலிக்கும், ஆனா மூணு மாசம் தாங்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பூசுனமா இல்லியான்னு நமக்கே சந்தேகம் வரணும். அவ்ளோதான் கனம்" என்றார். டப்பாவில் விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு படலம் மட்டும் எடுத்து, வட்டமாகப் பூசக் காட்டினார். மூன்று விரலை மடக்கிக்கொள்ளச் சொன்னார். வெளுத்து வந்ததும் மெத்தென்ற துணியால் துடைத்தோம். மாப்பிள்ளை, அந்தக் கருநீலத்தில் வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது. உங்கள் அத்தை கதவில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். சாயச் சொட்டு மட்டும் இளஞ்சிவப்பாகத் தங்கிவிட்டது. "கல்யாண வண்டிக்குப் பூ வைக்க எடம் தேட வேணாம்" என்று சம்பந்தி சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அதன் மேலேயே ரோஜாக்கொத்தைக் கட்டிவிட்டார்.

நேற்று நாங்களும் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். நான் பின்வரிசையில் உட்காரப் போனேன். சம்பந்தி கையைப் பிடித்து இழுத்து முன்னால் உட்காரவைத்து, தன் அண்ணனிடம், "இவருதான் பிரவீனா அப்பா. எங்க வண்டிக்கு மெழுகு போட்டவரு" என்று அறிமுகம் செய்தார். 'எங்க' என்று அவர் சொன்னது உங்கள் வீட்டைச் சேர்த்தா, என் வீட்டையும் சேர்த்தா என்று தெரியவில்லை. நான் திருப்பிக் கேட்கவில்லை. பெண் அபி வண்டியிலிருந்து இறங்கும்போது கதவில் முகம் பார்த்துச் சிரித்தாள். போட்டோக்காரர் அதைத்தான் முதலில் எடுத்தார். இன்று காலை சம்பந்தியே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நம் வாசலில் நிறுத்தி, இப்போது என் எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் வண்டியை இங்கே விட்டுப் போனதே, அதை எடுக்க அவர் இந்த வாசலுக்கு வந்தாக வேண்டும் என்றுதானோ என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகம். உண்மையானால் பதிலில் எழுத வேண்டாம், பிரவீனாவிடம் சொல்லிவிடுங்கள், அவள் எங்களிடம் சொல்லிவிடுவாள்.

ஆக, மேற்படி வாகனம் ஒரு கீறல்கூட இல்லாமல், புதிதாக வாங்கிய அன்று இருந்ததைவிடப் பளபளப்பாக, எங்கள் பொறுப்பில் பத்திரமாக இருக்கிறது என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இனி அதைப் பற்றி நீங்கள் ஒரு நிமிஷம்கூடக் கவலைப்பட வேண்டாம். பிரவீனாவை மோர் குடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள், அவளுக்குச் சளி பிடிக்கும். உங்களைக் கர்த்தரும் காமாட்சியும் காக்கட்டும். அவர்களும் எங்களைப் போல முறை வைத்துப் பேசிப் பார்த்துக்கொள்ளட்டும். சம்பந்தி தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்,
பரசுராமன்

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் எழுதும்போது உண்மையாக இருந்தது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட நடந்தே போயிருக்கலாம். வண்டி இவ்வளவு அழகாக நிற்கும்போது எதற்கு நடப்பது என்று நானும் சம்பந்தியும் அதிலேயே போனோம். ராஜவீதித் திருப்பத்தில் தேர் திரும்புவதற்காக ஓரமாக நட்டிருக்கும் ஒரு கல்தூண், பளபளப்பைப் பார்த்துக்கொண்டே வந்ததில் எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெழுகு பூசின இடத்தில் பளபளப்பு அப்படியே இருக்கிறது, பூச வேண்டிய இடம்தான் இடப்பக்கம் நசுங்கிக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஓட்டியது யார் என்று கேட்டுப் போன் செய்ய வேண்டாம். நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுவிட்டோம், சொல்ல மாட்டோம்.